குடை என்று எழுதிய துப்பாக்கிப் பெட்டி

தனம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஸ்டூல் போட்டு ஏறி, பரணுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தேன். போகிக்கு முந்தின வாரம் அது. மிக்சி பெட்டி, டிவி பெட்டி, எப்போதோ செத்துப்போன கிரைண்டரின் பெட்டி என்று என் வீட்டுக்காரர் பொத்திப் பொத்தி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே எறிந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "அத்த, அம்மா காலையில காபி குடிச்சிட்டு உக்காந்தாங்க. அப்படியே போயிட்டாங்க" என்றான் செந்தில், அக்காவின் மகன். கையில் மிக்சி பெட்டியோடு ஸ்டூலின் மேலேயே நின்றுவிட்டேன். அதைக் கீழே எறியவும் மனம் வரவில்லை, திரும்ப உள்ளே வைக்கவும் தோன்றவில்லை.

அட்டைப்பெட்டிக்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் வேங்கிக்கால் அலுவலகத்தில் வேலை பார்த்த யாரும் கேட்கமாட்டீர்கள். பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவும் நானும் அடுத்தடுத்த மேசை. அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கொஞ்சம் நிலம், அதில் மணிலா என்கிற வேர்க்கடலை, ஒரு மகன். அதோடு அவர் பெயரில் ஒரு துப்பாக்கி. ஒற்றைக் குழல். காட்டுப்பன்றி வந்து மணிலாவைக் கிளறிப் போடுகிறது என்று அவர் கணவர் உரிமம் எடுத்துச் சென்னையில் வாங்கி வந்தது. கணவர் இறந்த பிறகு அக்கா அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பெண்பிள்ளைக்கு எதற்கம்மா துப்பாக்கி என்று உரிமம் கொடுக்கும் பிரிவில் கேட்டிருக்கிறார்கள். "பன்னிக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதை வைத்து அவர் எதையும் கொன்றதில்லை. கொல்லையில், அதாவது மணிலா நிலத்தில், நின்று வானத்தைப் பார்த்துச் சுடுவார், பன்றிகள் ஓடிவிடும், அவ்வளவுதான்.

துப்பாக்கி வந்த அட்டைப்பெட்டியை அவர் எறியவில்லை. நீளமான, தடித்த பெட்டி. மேலே துப்பாக்கியின் படம், பக்கவாட்டில் அதன் நம்பர் ஒட்டிய சீட்டு. கூடத்துப் பரணில், வாசலில் நிற்பவர் கண்ணுக்கும் படுகிற மாதிரி வைத்திருந்தார். எனக்கு அட்டைப்பெட்டி சேர்ப்பவர்களைக் கண்டாலே ஆகாது. முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோதே, இதை எதற்கக்கா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மறுநாள் மதியச் சாப்பாட்டில் அது பெரிய பட்டிமன்றமாகிவிட்டது. கடைசி மேசை பஷீர் பாயை நினைவிருக்கிறதல்லவா? அவர் குடும்பத்துக்குத் தேரடிப் பக்கம் இரும்புக் கடை. "படம் போட்ட பொட்டிய பரண்ல வச்சா, திருடனுக்கு போர்டு மாட்டின மாதிரிம்மா" என்றார். விற்கப் போனால் பெட்டியோடு இருந்தால்தான் மதிப்பு என்று ஒரு கட்சி. நம்பர் ஒட்டிய பெட்டி நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் சாட்சி என்று இன்னொரு கட்சி. அட்டையில் வைத்தால் ஈரம் இழுத்துத் துருப்பிடிக்குமே என்று யாரோ கேட்க, அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஆமாம், புடிக்கும். அதான் அதுல வைக்கறதில்ல" என்றார். அப்படியானால் வெறும் பெட்டி எதற்கு என்று நான் விடாமல் கேட்டேன். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒரு முறை துணைக்கு நானும் போனேன். ஒருவர் துப்பாக்கியைக் கோணியில் கட்டி வந்திருந்தார், ஒருவர் பழைய லுங்கியில், இன்னொருவர் பாயில் சுருட்டி. அக்கா மட்டும் பெட்டியைத் திறந்து, மெழுகுத்தாளை விலக்கி, எண்ணெய் தடவிய குழலையும் கட்டையையும் புடவைக் கடைக்காரர் மாதிரி மேசையில் எடுத்து வைத்தார். ஸ்டேஷன் ரைட்டர் நம்பரைப் பெட்டியோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அம்மா வந்தால்தான் இந்த ஸ்டேஷனே ஷோரூம் மாதிரி இருக்கிறது என்றார். பெட்டியை இதற்குத்தான் வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது அவர் சொன்ன ஒன்று மட்டும் மனதில் தங்கியது. "துப்பாக்கி இருக்கறவங்களுக்கு சுடறது வேலையே இல்ல விஜி. அத பத்திரமா வச்சிருக்கறதுதான் வேலை."

இனி அந்தப் பௌர்ணமி நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா இருக்கும்வரை நான் இதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவா என்று செந்திலிடம் கேட்டேன். தாராளமாகச் சொல்லுங்கள் அத்தை என்றான்.

காலையில் அக்காவுக்கு மருமகளிடமிருந்து போன் வந்தது. அவர்கள் கிணறு பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். செந்திலின் சித்தப்பா முறையான ஏழுமலை, முறை தவறி மோட்டாரைப் போட்டுவிட்டார். மணிலா காய் பிடிக்கிற நேரம், பயிர் வாடிக்கொண்டிருந்தது. பேச்சு முற்றி, செந்திலின் செத்துப்போன அப்பாவை இழுத்து ஏழுமலை ஏதோ சொல்லிவிட்டார். செந்தில் வீட்டுக்கு வந்தான், பரணிலிருந்து துப்பாக்கிப் பெட்டியை இழுத்தான், பைக்கில் குறுக்கே வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான். மருமகள் அழுதது என் மேசைவரை கேட்டது.

அக்கா போனை வைத்துவிட்டுத் தன் மேசை டிராயரைத் திறந்தார். குண்டூசி டப்பா, புளிப்பு மிட்டாய், இவற்றுக்கு நடுவே பகலில் எப்போதும் கிடக்கும், சாயங்காலம் அவரோடு வீட்டுக்குப் போகும் ஒரு சாவி. அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். டிராயரை மூடினார். அரைநாள் லீவு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஆட்டோ பிடித்தோம். கிரிவலக் கூட்டம் அப்போதே இறங்க ஆரம்பித்திருந்தது. ரோட்டை அடைத்துவிட்டிருந்தார்கள். டிரைவர் சந்து சந்தாக நுழைந்தார், எல்லாச் சந்திலும் வெளியூர் வேன்கள். அக்கா ஏழுமலைக்கு விடாமல் போன் போட்டார். சட்டையை மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டு வேலை செய்கிறவர் அவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"பொட்டியில துப்பாக்கி இல்ல விஜி" என்றார். "செந்திலோட அப்பா செத்ததிலிருந்தே இல்ல. பீரோ லாக்கர்ல இருக்குது. சாவி நம்ம ஆபீஸ்ல."

மதியச் சாப்பாட்டில் அவர் எப்போதோ சொன்னதுதான்; ஸ்டேஷனில் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததைப் பார்த்த பிறகு அதை மறந்தே போயிருந்தேன். அப்போது எதற்குப் பெட்டியைப் பரணில் அத்தனை பகிரங்கமாக வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"கோவத்துல வர்றவன் கண்ணுக்குத் தெரியறதத்தான் எடுப்பான். எடுத்துட்டுப் போயி தொறந்து பாத்தா ஒண்ணுமில்லன்னா, அதுக்குள்ள கோவம் கொஞ்சம் கம்மியாவும் இல்ல? அதுக்குத்தான் வச்சேன்."

அப்படியென்றால் பயமில்லையே என்றேன். அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"பொட்டி காலின்னு எனக்குத் தெரியும். ஏழுமலைக்குத் தெரியாதே. அவன் கையில மம்மட்டி இருக்கும்."

தன் பிள்ளை ஒரு கொலை செய்துவிடக்கூடாது என்று யோசித்து யோசித்து ஒரு காரியம் செய்து வைத்த அம்மா, அதே காரியத்தால் பிள்ளையை இழந்துவிடுவோமோ என்று ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது செந்தில் வாய்க்கால் ஓரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். மருமகள் மூச்சு வாங்க நின்றிருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில், சேற்றில், நீளமான கறுப்புக் குடை ஒன்று. அக்காவின் கணவருடையது. வெறும் பெட்டியாக இருந்தால் எடுக்கிறவனுக்குத் தெரிந்துவிடுமே என்று பழைய துணியும் குடையும் சுற்றி, பூச்சி வராமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தார் அக்கா. ஏழுமலை மண்வெட்டியை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். ஆனால் அதை ஊன்றி நின்றிருந்தார்.

"அண்ணி, நான் மம்மட்டிய ஓங்கிட்டேன்" என்றார். "துப்பாக்கிய வெளிய எடுத்தான்னா ஒரே வெட்டா வெட்டிடறதுன்னுதான் நின்னேன். கொட வந்துச்சு."

குடை வந்ததைப் பார்த்ததும் பயத்திலா சிரிப்பிலா என்று தெரியாமல், "என்னாடா, மழ வருதா?" என்று கேட்டுவிட்டாராம். செந்தில் குடையைக் கையில் பிடித்தபடி அழ ஆரம்பித்துவிட்டான். அப்பா மழைக்காலத்தில் அவனைப் பள்ளிக்கூடம் அழைத்துப்போன குடை அது.

அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. முதலில் மோட்டார் கொட்டகைக்குப் போய், இன்றைக்கு யார் முறை என்று கேட்டு, தண்ணீரைத் திருப்பி விடச் சொன்னார். பிறகு குடையைக் கழுவி, மடிப்புக்குள் புது வேப்பிலை செருகி மடக்கி, பெட்டியில் வைத்தார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் என் தோளில் சாய்ந்தார். பெட்டியை வைத்தது சரியா தப்பா என்று என்னிடம் கேட்டார். இல்லாவிட்டால் பீரோவை உடைத்திருப்பான், இருந்ததால் ஏழுமலை மண்வெட்டியை ஓங்கினான், இரண்டில் எது என்று நீயே சொல் என்றார். எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருப்பவள் நான். அன்றைக்கு எழுந்து போய் அவருக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தேன்.

பதிலை அவரே தேடிக்கொண்டார். அந்த வாரமே பங்காளிகள் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, சோறு போட்டு, பெட்டியைக் கூடத்தில் இறக்கித் திறந்து காட்டினார். இதில் துப்பாக்கி இல்லை, ஸ்டேஷனுக்கு எடுத்துப்போகும் நாள் தவிர இருக்கப்போவதும் இல்லை, எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். துப்பாக்கிப் படத்தின் மேல் பழைய காலண்டர் தாளை ஒட்டி, செந்தில் கையாலேயே பெரிய எழுத்தில் 'குடை' என்று எழுதச் சொன்னார். பெட்டி திரும்பவும் பரணுக்குப் போனது. இனிமேல் யாரும் ஏமாறமாட்டார்களே, இனியாவது எறிந்துவிடுங்கள் என்றேன். "ஏமாத்தறதுக்கு இல்ல. பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றார்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகும் சண்டை நின்றுவிடவில்லை. கிணறு பொதுவாக இருக்கும்வரை எப்படி நிற்கும்? ஆனால் யாருக்காவது குரல் ஏறினால் இன்னொருவர் பரணைப் பார்த்து, "கொடய எடுத்தாரட்டுமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஏழுமலைதான் கேட்பார். அடுத்த தேர்தலுக்கு அக்கா குடை என்று எழுதிய பெட்டியில் துப்பாக்கியைக் கொண்டுபோனபோது குடையையுமா அம்மா ஒப்படைக்க வேண்டும் என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்டதை அக்கா வாயால் கேட்டவர்கள் உங்களிலேயே சிலர் இருக்கிறீர்கள்.

காரியத்துக்குப் போனபோது செந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன், என் பெயருக்கு மாற்றக் கேட்கப்போவதில்லை என்றான். கூடத்தில் உட்கார்ந்திருந்த நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டி அதன் இடத்திலேயே இருந்தது. இன்னும் எதற்கடா என்று கேட்டேன். பழக்கம் போகவில்லை எனக்கு.

"துப்பாக்கிதான் போச்சு அத்த. கோவம் போவலையே" என்றான். "எனக்கும் வருது. எம்புள்ளைக்கும் வரும். பொட்டி இருக்கட்டும்."

பிறகு அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். அம்மா நினைவாக நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். பெட்டி வெறுமையாகிவிடுமே என்றேன். கீழ்பென்னாத்தூரில் புதுக் குடை ஒன்று வாங்கி உள்ளே வைத்துவிட்டதாகச் சொன்னான்.

அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் குடைதான். போன வாரம் திடீரென்று பெய்த கோடை மழையில், வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் அதை முதல் தடவையாக விரித்தேன். காய்ந்த வேப்பிலைகள் தலையிலும் தோளிலும் கொட்டின. பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த பெண்ணை உள்ளே வரச் சொன்னேன். என் தலையிலிருந்து ஓர் இலையை எடுத்துவிட்டு, "யாருதுக்கா இவ்ளோ பெரிய கொட?" என்று கேட்டாள். எங்கள் தனம் அக்கா துப்பாக்கிப் பெட்டியில் வைத்திருந்தது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பஸ் வரும்வரை அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.