கல்வெட்டுக்குள் புகுந்த அரசன்

போன மாதம் ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டு நிற்கிறேன், போன் அடிக்கிறது.

"பிள்ளை, நான் பரமேஸ் அன்ரி கதைக்கிறன். நீர் இவருக்கு எழுதின கல்வெட்டு நேற்று அச்சால வந்தது."

"ஓம் அன்ரி, நல்லா வந்திருக்கோ?"

"அச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா மூண்டாம் பக்கத்தில கிடக்கிறது என்ரை மனிசன் இல்லை. மகரவேந்தன்."

வாயிலிருந்த பற்பசை நுரையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

மகரவேந்தன் யார் என்று கேட்பீர்கள். கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும் — நீங்கள் ஒருவரும் என் நாவல்களை வாசிப்பதில்லையே! இந்தப் பத்தியை மட்டும் வாரம் தவறாமல் வாசித்து, திட்டி ஈமெயிலும் போடுகிறீர்கள். 'கந்தகக் கோட்டை' என்று ஐந்து பாகங்களில் ஒரு ஃபேன்டசி நாவல் எழுதியிருக்கிறேனே, அதைப் பற்றி ஒரு வரி? ம்ஹூம். முதல் பாகத்தின் வெளியீட்டு விழாவில் ஆய்வுரை நிகழ்த்த வந்த பேராசிரியரே "இந்தச் சமூக நாவலில்…" என்றுதான் தொடங்கினார். அட்டையில் ஒரு முதலை சிறகு முளைத்துப் பறக்கிறது. அவர் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. என் முதல் பதிப்பாளர் தொழிலையே விட்டுவிட்டு இப்போது நுகேகொடையில் டைல்ஸ் விற்கிறார். சந்தோஷமாக இருக்கிறார்.

ஆகவே நான் ஃப்ரீலான்ஸ். அதாவது, யார் என்ன கேட்டாலும் எழுதுவேன். அதிகம் கேட்கப்படுவது கல்வெட்டு. எங்கள் ஆட்களில் யாராவது கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்க வேண்டும் அல்லவா? தேவாரம், படம், வாழ்க்கை வரலாறு, மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல்… மருமக்களுக்குப் புலம்ப நேரமில்லாதபடியால் நான் புலம்பிக் கொடுக்கிறேன்.

இத்தனை கல்வெட்டு எழுதியதில் ஒன்று கண்டேன். கோபக்காரத் தமிழர் ஒருவர்கூட இதுவரை சாகவில்லை! சாகிறவர் எல்லோரும் பொறுமைசாலி, வள்ளல், சிரித்த முகத்தர். பறக்கும் முதலையைத்தான் உங்களால் நம்ப முடியவில்லை.

பரமேஸ் அன்ரியின் கணவர் சிவஞானத்துக்கு எழுதச் சொன்னது ரொறொன்ரோவிலிருக்கும் மகன் ரவி. அங்கிளை நான் பார்த்ததில்லை; எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "அப்பா நல்ல மனிசன் அக்கா. நோர்மலாப் போடுறதைப் போடுங்கோ," என்றான். எனக்கு அந்த வாரம் வேறு இரண்டு கல்வெட்டு. கை அலுத்துப் போயிருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? என் மூன்றாம் பாகத்தைத் திறந்தேன். அதில் மகரவேந்தன் என்ற அரசன் சாகும் பக்கம், நான் உயிரைக் கொடுத்து எழுதிய பக்கம், சும்மாதானே கிடக்கிறது? 'அவர் சினந்து எவரும் கண்டதில்லை. அவர் வாசலுக்கு வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை…' வெட்டி ஒட்டிவிட்டேன். அரசனின் குதிரை அழுகிற வரியை மட்டும் எடுத்தேன். வெள்ளவத்தை ஃப்ளாட்டில் குதிரைக்கு ஏது இடம்?

ரவி உடனே பதில் போட்டான்: "சுப்பர் அக்கா! அப்பா அப்படியே கண்ணுக்கு முன்னால வந்து நிக்கிறார்."

சரி, பரமேஸ் அன்ரியின் போனுக்கு வருவோம். அரசனை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றதும் எனக்கு முதலில் வந்தது வெட்கமா, சந்தோஷமா? சொல்லக் கூசுகிறது. சந்தோஷம்தான். மூன்றாம் பாகத்தை யாரோ வாசித்திருக்கிறார்கள்!

அந்தச் சந்தோஷம் நான் ஓடிப்போய் அவர்கள் வீட்டுக்குள் நுழையும்வரைதான் நின்றது.

மேசையில் என் ஐந்து பாகங்களும் இருந்தன. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. சிவஞானம் அங்கிள் அரசாங்க வேலையில் நாற்பது வருடம் வரைபடம் கீறியவராம். என் நாவலின் முன்பக்கத்தில் ஒரு மாய நாட்டு வரைபடம் உண்டு. அதில் அவர் எழுதியிருந்தார்: 'ஆறு மலைக்கு மேல் ஏறுகிறது. திருத்துக.' இன்னொரு பக்கத்தில்: 'அளவுத்திட்டப்படி இந்தப் படை வந்துசேரப் பதினொரு நாள் செல்லும். இரண்டு நாளில் வருகிறது. எழுத்தாளர் ஒருநாளும் நடந்ததில்லைப் போலும்.'

"கடைசி வருசம் கண் தெரியாமப் போச்சு," என்றார் அன்ரி. "நான்தான் வாசிச்சுக் காட்டினனான். எனக்கு உந்தப் பறக்கிற முதலையள் ஒண்டும் விளங்கேல்லை, பிள்ளை. அவருக்காக வாசிச்சனான். அந்த ராசா செத்த பக்கத்தை நாலு தரம் வாசிக்கச் சொன்னவர். ஒவ்வொரு தரமும் கேட்டிட்டு, 'இப்பிடி ஒரு மனிசன் இருக்கேலாது பரமேஸ்' எண்டு விழுந்து விழுந்து சிரிச்சவர். அதைக் கொண்டுபோய் அவற்ரை தலையிலயே கட்டியிருக்கிறீர்."

மூன்றாம் பாகத்தை எடுத்து மூடி, அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

"நாளையிண்டைக்கு அந்தியேட்டி. இனி எனக்கு மிஞ்சப் போறது உந்தச் சின்னப் புத்தகம்தான். அதில அவர் இருக்க வேணும்."

"இருப்பார் அன்ரி. நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்."

இரண்டு மணித்தியாலம் சொன்னார். எழுதி முடித்ததை ரவிக்கு அனுப்பினேன். உடனே வீடியோ கோல்.

"அக்கா, என்ன இது? அப்பாவைக் கோபக்காரன் எண்டு போட்டிருக்கு! ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அன்ரி என் கையிலிருந்து போனை வாங்கினார். "ரவி, உனக்குக் கொப்பர் வேணுமோ, ராசா வேணுமோ?"

திரையில் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அப்பா வேணும்," என்றான்.

கல்வெட்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு, ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். அச்சகத்து ரிஸ்வி நானா என்னைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "மௌத்தான மனிசனுக்கு இன்னும் எத்தன புரூப், தங்கச்சி?" பக்கத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். பிறகு எல்லாப் பிரதியிலும் தைத்த கம்பியைக் கழற்றி அந்தத் தாளை மாற்றித் தந்தார்.

புதுப் பக்கம் இப்படிப் போகிறது:

'சிவஞானம் கோபக்காரர். தரிப்பிடத்தில் பஸ் நிற்காமல் போனதற்காக டிப்போவரை நடந்து போய் முறைப்பாடு கொடுத்தார். முறைப்பாட்டோடு வரைபடமும் இணைத்தார். மனைவியின் சமையலை ஒரு தரமும் புகழவில்லை. ஒரு தரமும் தட்டில் மிச்சம் வைக்கவுமில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், மனைவி தனியே வீட்டுக்குப் போக வேண்டுமே என்று, கண் தெரியாமலே கடதாசியில் வழி கீறிக் கொடுத்தார். கோடெல்லாம் கோணல். மனைவி அதைப் பார்த்துப் பார்த்தே வீடு வந்து சேர்ந்தார்.'

அந்தியேட்டி மண்டபத்தில் கல்வெட்டு என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். விசிறியாகும். வடையின் எண்ணெய் உறிஞ்சும். அன்று ஒருவரும் விசிறவில்லை. நடு வரிசையில் யாரோ பஸ் கதையில் சிரித்துவிட்டார்கள். பிறகு இன்னொருவர். பிறகு மண்டபமே சிரித்தது. படத்துக்குக் கீழே இருந்த பரமேஸ் அன்ரியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதார். மனுசி முப்பது நாளும் அழவில்லையாம்.

நானும் அழுதேன். பின்னே? என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எனக்கு ஒரு வாசகர் இருந்திருக்கிறார். ஒரு வரி விடாமல் வாசித்து, ஒரு பிழை விடாமல் திட்டிய வாசகர். அவரை நான் முதன்முதலாகப் பார்த்ததே மாலை போட்ட படத்தில்தான். பக்கத்தில் இருந்தவரிடம் சாம்பார் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

கை கழுவப் போன இடத்தில் ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் கல்வெட்டு.

"பிள்ளை, நீர்தானே எழுதினது? நல்லா இருக்கு. எனக்கும் நீர்தான் எழுத வேணும்." சொல்லிவிட்டு, பாயாசம் குடித்துக்கொண்டிருந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா ஒண்டு… விபரம் கேக்க மனிசியிட்டை மட்டும் போயிடாதையும்."