எம்.ஏ.வுக்கு ஆறாம் விதி

எம்.ஏ. கணிதத்தில் யார் யார் சேரலாம் என்ற விதிகளைத் திருத்த, நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் மூன்று பேராசிரியர்களைக் குழுவாகப் போட்டார்கள். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பட்டணத்தில் உட்கார்ந்தால் ஆள் மாற்றி ஆள் வந்து தொந்தரவு செய்வார்களாம். அதனால் குடும்பத்தோடு மகாபலிபுரத்துப் பயணியர் விடுதிக்குப் போனார்கள். நான் அந்தப் பிரிவில் டைப்பிஸ்ட். வீடு செங்கல்பட்டில். "உனக்குப் பக்கம்தானே" என்று என்னையும் போகச் சொன்னார்கள்.

என் மனைவி செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பி.ஏ.வில் இரண்டாம் வகுப்பு. பெண்களும் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்து எம்.ஏ. எழுதலாம் என்று அப்போது ஆறாம் விதி சொன்னது. அதை நம்பி ஒன்றரை வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் உலை கொதிக்கும் நேரத்தில்கூட மடியில் நோட்டு இருக்கும்.

நான் கிளம்பும்போது, "ஏங்க, ஆறாவது விதி வந்தா இன்னா பேசிக்கிறாங்கன்னு கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க" என்றாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் கூட்டமே நடக்கவில்லை. குடும்பங்களோடு ரதங்களைப் பார்த்துவிட்டு வந்து மத்தியானம் தூங்கினார்கள். மறுநாள் காலையில்தான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

குழுவின் தலைவர் வாயில் வெற்றிலை. பழைய விதிகள் அடங்கிய தாள்களிலிருந்து குண்டூசியை உருவிக் காதைக் குடைந்தார். நுனியைப் பார்த்தார். நாற்காலிக் கையில் துடைத்துவிட்டு அதே ஊசியைத் தாள்களில் குத்தி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

நான்காம் விதி, பி.ஏ.வில் இரண்டாம் வகுப்பாவது வேண்டும் என்பது. "இதுல ஒரு விலக்கு போடணும்" என்றார் தலைவர். "காலேஜ்ல ரெண்டு வருஷம் டியூட்டரா இருந்தவங்களுக்கு மூணாம் வகுப்பே போதும்."

கண்ணாடி போட்ட உறுப்பினர் சிரித்தார். "உங்க மாப்பிள்ளைக்கு ரெண்டு வருஷம் முடிஞ்சிடுச்சா?"

"இந்த ஜூன்ல முடியுது."

ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்வதுபோல் சொன்னார். என்னைப் பார்த்துக்கூட ஒரு கூச்சம் இல்லை. மூன்றாமவருக்கு மட்டும் ஒரு கவலை. "தரத்தைக் குறைச்சிட்டீங்கன்னு மேல கேப்பாங்களே."

"அப்ப வேற எங்கயாவது இறுக்கிடுவோம்" என்று தலைவர் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினார். விரல் ஆறாம் விதியில் நின்றது. "இதோ இருக்கே! பொம்பளைங்க, ஸ்கூல் வாத்தியாருங்க எல்லாம் வீட்லயே உக்காந்து எம்.ஏ. எழுதலாமாம். ஒரு கையில கரண்டி, ஒரு கையில கால்குலஸ்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல? வீட்டுல படிச்சவங்களா?"

"கொஞ்சம் படிச்சிருக்காங்க சார்" என்றேன். சொல்லும்போது நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்தில் இருந்த விதம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். எச்சில் விழுங்குவதுபோல் அதை எத்தனையோ முறை விழுங்கிப் பார்த்துவிட்டேன்.

விடுதிக் காவல்காரர் வந்து, "சார், நாஸ்தா ரெடியா கீது" என்றார். தலைவர் எழுந்தார். "ஆறை எடுத்துடுப்பா. நாங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள அடிச்சு வை."

உள்ளே இலையில் சட்னி ஊற்றும் சத்தமும் ஏப்பமும் கேட்டுக்கொண்டிருக்க, நான் அடித்தேன். பழைய ஆறாம் விதி போய், ஏழாக இருந்தது ஆறானது. கடற்கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டின் வாடை காலையிலிருந்தே வந்துகொண்டிருந்ததுதான். அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

தலைவர் கை கழுவிய ஈரத்தோடு வந்து படித்துப் பார்த்தார். "ஒரு தப்புகூட இல்லியே, பேஷ்!" என்றார். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று பொய் சொன்னேன். அவள் படித்துக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் திருத்திய விதிகளோடு சுற்றறிக்கை அவள் பள்ளிக்கு வந்தது. அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"இது நீங்க அடிச்சதா?"

"ஆமா."

"நீங்க அங்க இருக்கும்போதே பேசினாங்களா?"

"பேசினாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

மருமகன் கதையிலிருந்து கரண்டி, கால்குலஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"கொஞ்சம்" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த ஜூனில் தலைவரின் மருமகனுடைய விண்ணப்பம் வந்தது. மூன்றாம் வகுப்பு, இரண்டு வருஷம் டியூட்டர், எல்லாம் விதிப்படி. பதிவேட்டில் ஏற்றியது நான்தான். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிட அழகாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மனைவி, படிப்பின் பாதியில் இருப்பவர்களுக்காவது பழைய விதிப்படி அனுமதி தரவேண்டும் என்று ஒரு மனு எழுத உட்கார்ந்தாள். "நான் டைப் அடிச்சுத் தர்றேன்" என்றேன்.

"வேணாங்க. நீங்க அடிச்ச வரைக்கும் போதும்" என்று கையாலேயே எழுதி, தபாலாபீசுக்கும் தானே போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்து எங்கள் பிரிவிலிருந்தே பதில் வந்தது. விதிகளில் இதற்கு இடமில்லை என்று ஒரே வரி. அடித்தது பக்கத்து மேஜைக்காரர். அவள் அதை நின்றபடியே படித்தாள். இரண்டாக மடித்து என் சட்டைப் பையில் செருகினாள்.

"உங்க ஆபீஸ் காகிதம். நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள்.