சங்கிலிக்கு மட்டும்

பழனாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால்தான் வம்சி அந்தப் பலகையில் கோடு வரைந்தான்.

பீளமேட்டில் பாலகோபாலின் வீட்டுக்குப் பின்னால், கார் ஷெட்டை ஒட்டி ஓர் அறை இருந்தது. அவருடைய மோட்டார் பட்டறை சிறியதாக இருந்த காலத்தில் செம்புக் கம்பிச் சுருள்களை அதில் அடுக்கியிருந்தார்கள். பட்டறை பெரிதாகி வேறு இடத்துக்குப் போனபின் அறை சும்மா கிடந்தது. தொண்ணூற்றைந்தில் அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டு வந்த மகன் வம்சி, ஓர் அட்டைப் பெட்டிக்குள் சைக்கிளைப் பிரித்து வைத்துக் கொண்டுவந்தான். மலைப் பாதையில் ஓட்டுகிற சைக்கிள். கூடவே தலைக்கவசம், கையுறை, முழங்கால் மூடி, முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, பம்பு, ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர்கள். சேறு படிந்த சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா ராமாமணி சொல்லிவிட்டதால் பின்னறை அவனுக்குக் கிடைத்தது.

பழனாத்தாள் அந்த வீட்டில் வாசல் கூட்டுபவள். கார் கழுவுவாள், செடிக்குத் தண்ணீர் விடுவாள், மாடு இருந்தவரை சாணி அள்ளினாள். அந்த இடம் பருத்திக் காடாக இருந்தபோது அவளுடைய மாமனார் அதில் வேலை செய்தார். கிணற்றில் வைத்த வெடி முன்னதாகவே வெடித்ததில் கணவன் செத்தான். குழந்தை இல்லை. இருபத்திரண்டு வருடங்களில் சமையலறைப் படியைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவளும் போனதில்லை.

வம்சி சுவரில் ஒரு பெரிய பலகையை அறைந்து, கொக்கிகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதி ஒட்டினான். முதல் வாரம் அவள் பம்பு இருக்கும் இடத்தில் ஸ்பேனரையும் கையுறையின் இடத்தில் துணியையும் மாட்டிவைத்தாள். அவன் கோபிக்கவில்லை. சீட்டுகளைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு பொருளையும் பலகையில் வைத்து அதைச் சுற்றி வெள்ளை பெயின்டால் கோடு இழுத்தான். அதற்குப் பிறகு அவள் தவறவில்லை. கடைசியாகக் கதவோரத்தில் ஒரு சின்னக் கோடு வரைந்தான். அது அறைச் சாவியின் உருவம். ஆனால் சாவி அங்கே தொங்கியதே இல்லை. அவளிடமே கொடுத்துவிட்டான். அவளை 'பழனாக்கா' என்று கூப்பிட்டான். ராமாமணிக்கு அது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் மலைக்குப் போய்வருவான். திங்கட்கிழமை அவளுக்கு அந்த அறையில் வேலை. சேற்றைக் கழுவி, சைக்கிளை ஈரம் போகத் துடைத்து, முன் சக்கரத்தை உத்தரத்துக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவாள். கையுறைகளை உள்பக்கம் திருப்பி நிழலில் காயவைப்பாள். தண்ணீர்ப் பையின் வாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு குச்சியைக் கொடுத்து விரித்துவைப்பாள். அப்புறம் சங்கிலி. கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். தொடங்கிய கண்ணியில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டால் சுற்றி வந்ததும் தெரியும். இது அவளே கண்டுபிடித்தது.

"எண்ணெய் சங்கிலிக்கு மட்டும் பழனாக்கா. வேற எங்கயும் படக்கூடாது" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். ஏன் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

டிரைவர் மாசாணம் அறை வாசலில் நின்று, "பூசாரியம்மா, அர்ச்சனை முடிஞ்சுதுங்களா?" என்பான்.

"உன்ற ஜீப்பாட்ட நாற உடறதுக்கா எங்கிட்டச் சாவியக் குடுத்திருக்காங்க?" என்பாள்.

தொண்ணூற்றாறு ஆயுத பூஜையன்று வம்சி பெங்களூரில் இருந்தான், மாலையில் வருவதாக இருந்தது. காலையிலிருந்து பழனாத்தாள் வீட்டு இரும்பையெல்லாம் போர்டிகோவில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, தையல் மெஷினின் சக்கரம். அந்த வீட்டில் பூஜைக்கு வைக்கும் எந்த உலோகமும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்காமல் சந்தனம் வாங்காது. ராமாமணி படியில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சைக்கிளிடம் வந்ததும் சக்கரத்து வளையத்தைக் காட்டினாள். பிரேக் கட்டை உரசி உரசி அது சாம்பல் பூத்திருந்தது.

"இதென்ன, இத்தனை மங்கலா? இதுக்கும் எண்ணெயப் போடு."

"சங்கிலிக்கு மட்டுந்தான்னு சின்னவரு சொல்லியிருக்காருங்க."

"அது மத்த நாளைக்கு. சாமிக்கு முன்னால வெக்கறத இப்படியா வெப்பாங்க? போடு."

பழனாத்தாள் போட்டாள். இரண்டு சக்கரத்துக்கும், இரண்டு பக்கமும். துணியை நன்றாக எண்ணெயில் நனைத்து நான்கைந்து தடவை சுற்றினாள். வளையம் வெள்ளிபோல ஆனது. ராமாமணி தலையசைத்துவிட்டுச் சந்தனம் எடுக்கப் போனாள்.

மாலையில் வந்த வம்சி, காருக்கும் ஜீப்புக்கும் நடுவே பொட்டும் பூவுமாக நின்ற சைக்கிளைப் பார்த்துச் சிரித்தான். போட்டோ எடுத்தான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பதால் அவன் அதைத் தொடவில்லை. மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், வண்டியை வெளியே எடு என்று அம்மாவே சொன்னாள். அவளே சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழம் நசுங்கியதும் சைக்கிளைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள்.

மாசாணம் அவனை ஆனைகட்டி மேட்டில் இறக்கிவிட்டான். அங்கிருந்து காட்டுத் தடத்தில் இறங்கி மாங்கரைக்கு வருவதாக ஏற்பாடு. மாசாணம் மாங்கரை டீக்கடையில் பதினொரு மணிவரை காத்திருந்தான். பிறகு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஏறிப் போனான். முதல் சரிவின் முடிவிலுள்ள வளைவுக்குக் கீழே, பள்ளத்துக் கற்களின்மேல் வம்சி கிடந்தான். தலைக்கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்து முறிந்திருந்தது.

யானையைப் பார்த்து மிரண்டிருப்பான் என்றார்கள். பாலகோபால் அதைப் பிடித்துக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் யானை என்றே சொன்னார்.

ஒரு மாதம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் திரும்பி வந்தது. சரிசெய்து அதனிடத்தில் மாட்டவேண்டும் என்றாள் ராமாமணி. உக்கடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கலீல் ரஹ்மானை வரச்சொன்னார்கள். வம்சி இருந்தபோதும் சக்கரத்தில் கோணல் எடுக்க அவர்தான் வருவார்.

முன் சக்கரம் மடங்கியிருந்தது. பின் சக்கரம் சுழன்றது. கலீல் ரஹ்மான் வளையத்தில் விரலை ஓட்டினார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இதுல யாரும்மா எண்ணெய் போட்டது?"

"நாந்தாங்க. பூசைக்கு."

அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் பிடியை அழுத்தச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். ரப்பர்க் கட்டைகள் வளையத்தைக் கவ்வின. சக்கரம் அவற்றுக்கு நடுவே வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் விடாமல் அழுத்தினாள். வெகுநேரம் கழித்து அதுவாக நின்றது.

கலீல் ரஹ்மான் வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பெட்ரோல் கேட்டார். வளையத்தைக் கழுவினார், கட்டைகளை மாற்றினார். பழையவற்றை அவள் கையில் கொடுத்தார். அவள் அவற்றைக் கொய்யா மரத்தடியில் புதைத்தாள்.

அன்றிலிருந்து அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அம்மா சொல்லித்தான் போட்டேன் என்று சொன்னால், பெற்றவளே பிள்ளையைக் கொன்றாள் என்று ஆகும். நானாகப் போட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லவும் அவள் தயாராக இருந்தாள். ஆனால் 'சங்கிலிக்கு மட்டும்' என்று பழனாத்தாள் சொன்னதும், அதற்குத் தான் 'போடு' என்றதும் ராமாமணிக்கு ஞாபகம் வராமல் இருக்காது. எப்படிச் சொன்னாலும் அது ராமாமணியிடம் போய் முடிந்தது.

இரண்டு முறை சமையலறைப் படிவரை போனாள். ஒருமுறை ராமாமணி தூங்குவதாகச் சொன்னார்கள். இன்னொரு முறை ராமாமணியே வெளியே வந்தாள்.

"ஏன் உன்ற தலை இப்பிடிப் பஞ்சாட்ட இருக்குது?"

"எண்ணெய் ஒத்துக்கறதில்லீங்க."

ராமாமணி அவளைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை வேலை நிற்கவில்லை. சேறு இல்லாத சைக்கிளைத் துடைத்தாள், ஓடாத சங்கிலிக்குச் சொட்டு விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ராமாமணி வந்து அறை வாசலில் நிற்பாள். உள்ளே வரமாட்டாள். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அதனதன் பொருள் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்ப்பாள். அந்த நேரத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த வருடம் அந்த வீட்டில் பூஜை இல்லை. அதற்கடுத்த வருடமும் பாலகோபால் வேண்டாம் என்றார். ராமாமணிதான் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவளே கொண்டுவந்து போர்டிகோவில் வைத்தாள். பழனாத்தாள் அரிவாளைத் துடைத்தாள், கடப்பாரையைத் துடைத்தாள். சைக்கிளை உருட்டி வந்து நிறுத்தினாள். எண்ணெய்த் துணியைக் கீழே போட்டுவிட்டு வேறு துணிக்காகத் திரும்பினாள்.

"சக்கரத்துக்கு வேண்டாம்" என்றாள் ராமாமணி.

பழனாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கலீல் சக்கரத்தச் சுத்திக் காட்டினப்போ நான் சமையக்கட்டுச் சன்னல்ல நின்னுட்டிருந்தேன்."

தெருவில் பொரி விற்பவன் கூவிக்கொண்டு போனான்.

"அன்னைக்கு நீ சொன்னே."

"சொன்னேனுங்க."

"ரெண்டு வருசமா ஏன் வாயத் தொறக்கலே?"

"உங்களுக்குத் தெரியாமயே போயிரட்டும்னுங்க."

ராமாமணி குனிந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். எடுத்தவள் எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்று சைக்கிளுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

மறுநாள் வம்சியின் திதி. பழனாத்தாள் வேலைக்குக் கிளம்புமுன் மாசாணம் அவள் குடிசை வாசலில் வந்து நின்றான். வண்டியிலேயே வந்திருந்தான். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா சாவிய வாங்கிட்டு வரச் சொன்னாங்கக்கா. இனி வர வேண்டாம்னாங்க." குரலைத் தாழ்த்தினான். "என்ன காணாமப் போச்சு? எங்கிட்டச் சொல்லு, நான் அய்யாகிட்டப் பேசறேன்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாள்பட்ட முடிச்சு, பல்லால் கடித்து இளக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணும் காணாமப் போகல. எல்லாம் அதது எடத்துல இருக்குது" என்றாள். "கதவோரத்துல சின்னதா ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். இத அதுல மாட்டிப்போடு."

இருபத்துநான்கு வருட வேலை ஒரே காலையில் போனதற்குத் திருட்டைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று அந்தத் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். அமெரிக்காச் சாமான் என்றால் என்ன விலை போகும் என்று பேசிக்கொண்டார்கள். சிலர் அவளிடமே கேட்டார்கள். பழனாத்தாள் இல்லையென்று சொல்லவில்லை. சொன்னால், பின்னே எதற்கு நிறுத்தினார்கள் என்று அடுத்ததாகக் கேட்பார்கள்.