பேரிக்காய்ப் பத்தியம்

இத்தாலியின் பலெர்மோவில் செப்டெம்பர் பெயருக்குத்தான் இலையுதிர்காலம். ஆபிரிக்காப் பக்கமிருந்து சுடுகாற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே என் சிஞ்ஞோரா கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டார். எனக்கும் ஒன்று தந்தார். லிபெர்த்தா வீதியில் அவருடைய வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அவருக்கு எண்பத்து மூன்று வயது, காது மந்தம், பிடிவாதத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் அவர் தனியாக டாக்ஸி பிடித்து, சீன வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்ணிடம் போய், கையால் எழுதிய தாளோடு திரும்பினார். அதைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். கோடை முடிந்தால் நெஞ்சு காயுமாம். நுரையீரலுக்கு ஈரம் வேண்டுமாம். பேரிக்காயைக் கற்கண்டு போட்டு ஆவியில் அவிக்க வேண்டும், நேரத்துக்குப் படுக்க வேண்டும், ஐஸ் கூடவே கூடாது.

சூட்டுச் சாமான், குளிர்ச் சாமான் என்று பார்த்துச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இதற்குச் சீனா வரை போயிருக்க வேண்டாம். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தினமும் அவித்தேன். சிஞ்ஞோரா ஒரு கரண்டி எடுத்து முகத்தைச் சுளித்துவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவார்.

"எனக்குக் காணும். வீணாக்காமல் நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். கோடை முடிந்தால் வறட்டு இருமல் வருவது எனக்குத்தான். எனக்கு முன் வேலை செய்தவரை, இருமினார் என்பதற்காகவே சிஞ்ஞோராவின் மகன் நிறுத்தியிருந்தார். வேலை போனால் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெசோவைப் புதுப்பிப்பதும் சிக்கல். அதனால் தொண்டை கரகரத்தவுடன் துணி எடுப்பதுபோல் பால்கனிக்கு ஓடுவேன். கொடியில் துணியே இல்லாத நாளிலும் ஓடினேன்.

"மல்லித்தண்ணி அவிச்சுக் குடியும், இல்லாட்டி டொக்டரிட்டைப் போம். எத்தினை நாளைக்கு ஒளிக்கப் போறீர்?" என்று வீட்டில் கணவர் கரைச்சல் தந்தார்.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பும்போது மூலைக் கடை வாசலில் சிஞ்ஞோராவைக் கண்டேன். சால்வை மடியில். கையில் எலுமிச்சை ஐஸ். எனக்கு வந்ததே கோபம்.

"நான் அடுப்படியில நிண்டு வேகிறன், நீங்கள் இஞ்சை ஐஸ் சாப்பிடுறீங்களோ? அந்தத் தாளில என்ன எழுதியிருக்கு?" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் பொரிந்து தள்ளினேன்.

அவர் கரண்டியை நக்கி முடித்தார். "நீ முதல் வரியை வாசிக்கேல்லை" என்றார்.

வைத்தியர் கையெழுத்து எந்த நாட்டிலும் ஒன்றுதான். அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிரிட்ஜின் முன் நின்று எழுத்துக் கூட்டினேன். நாற்பத்தாறு வயதுப் பெண், ஒவ்வொரு இலையுதிர்காலமும் வறட்டு இருமல் என்றிருந்தது.

வெட்கத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பால்கனிக்குப் பக்கத்திலதான் என்ரை கட்டில். அவ்வளவு செவிடில்லை நான்."

"மகனுக்கும் தெரியுமோ?"

"அவனுக்கு என்ன தெரியும்? எனக்குப் பேரிக்காய் பிடிக்காது எண்டதே தெரியாது."

கண் கலங்கிவிட்டது. அழுகையோடு இருமலும் சேர்ந்து வந்தது. பழக்கதோஷத்தில் பால்கனிக் கதவைப் பார்த்தேன். பிறகு குசினியிலேயே, அவருக்கு முன்னாலேயே நின்று, ஆசை தீர இருமினேன்.