படி அளவு 0.01

வவுனியாவில் எனக்குப் பல்கலைக்கழக இறுதியாண்டு வாய்மொழிப் பரீட்சை. தன் பிழையைத் தானே படிப்படியாகக் குறைத்துக் கற்கும் கணினி நிரல் ஒன்றை எழுதி ஓட்டிக் காட்டினேன். தவறினால் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"பிழையைக் குறைக்க ஒவ்வொரு முறையும் 0.01 படி அளவிலதான் நகருறீர். ஏன் பிள்ளை?"

கணித்தெடுத்தேன் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சீனியர் அக்காமாரின்ர குறிப்பில இருந்தது, மிஸ்."

"பத்து மடங்காக்கிப் பாரும்."

திரையில் பிழை குறையாமல் எகிறியது.

"படி பெரிசாகி, பிழை ஆகக் குறைஞ்ச பள்ளத்தைத் தாண்டிக் குதிச்சிட்டுது மிஸ். பாதியாக்கிப் பாக்கட்டே?"

மூன்றாம் தடவை பாதியாக்கியதும் பிழை இறங்கியது.

"இதைத்தான் கேட்டனான். பாஸ். பயப்பிடாமல் போம்."

வாசலில் மறித்து மெல்லச் சொன்னார்: "நானும் இஞ்சதான் படிச்சனான். அந்தக் குறிப்பை முதல் எழுதினது நான். ஏன் 0.01 எண்டு எனக்கும் அப்ப தெரியாது."

அது உண்மையா, என் பயம் தீரச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை.