கிளிக்கடியை ஒப்புக்கொடுத்த தவக்காலம்

தகரப் பேணியின் விளிம்பில் ஒரு கிளி தன் சொண்டைத் தீட்டும் ஓசையை நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ தெரியாது. பல் கூசும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, குருநகரில் எங்கள் வீட்டு விறாந்தையில் காலையில் அந்த ஓசை தொடங்கியதுமே, "துரை எழும்பிட்டார், ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ" என்று அம்மா குசினியில் இருந்தபடி அறிவித்துவிடுவார். கிளிக்குத் துரை என்று பெயர் வைத்ததும் அம்மாதான். ஷெல்லடியில் தலை போன பனையொன்று சரிந்தபோது அதன் பொந்துக்குள் இருந்து அப்பா எடுத்து வந்த குஞ்சு அது. பழம் மசித்து ஊட்டி வளர்த்தவள் நான். வெளியே விட்டால் என் தோளில் ஏறியிருந்து தலையைச் சொறியக் கொடுக்கும். அதே கை கூட்டுக் கதவைத் தாண்டி அதன் சாப்பாட்டுப் பேணியைத் தொட்டுவிட்டால், கழுத்து இறகை விரித்துச் சீறிக்கொண்டு பாயும். இரத்தம் வராமல் விடாது.

"கையை வெடுக்கெண்டு இழுக்காதை, பிள்ளை" என்பார் அப்பா, வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே. "நீ இழுத்தால் தான் வெண்டிட்டன் எண்டு அது நினைக்கும். சும்மா வைச்சிரு, அலுத்துப்போய் விட்டிடும்." மீன்பிடித் தங்கூசி நூல் இழுத்துக் காய்த்துப்போன விரல்களை வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொல்லலாம். எனக்கோ, துரை கழுத்தை நீட்டும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அந்த வருடம் இரண்டு வயதுத் தம்பி கூட்டுக் கம்பிக்குள் விரலை விட்டுக் கடி வாங்கினான். அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பாஸ்குப் பெருநாளுக்கு முன்னம் உது கடியை விடாட்டில், கூட்டைத் திறந்து விட்டிடுவன். சொல்லிப்போட்டன்." விபூதிப் புதன் முடிந்த ஞாயிறு, மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், தவக்காலத்துக்கு யார் யார் என்ன "ஒறுத்தல்" செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். ஒருத்தி டொபி சாப்பிட மாட்டேன் என்றாள், இன்னொருத்தி டிவி பார்க்க மாட்டேன் என்றாள். நான் எழுந்து, "கிளி கடிச்சால் கையை எடுக்க மாட்டன், சிஸ்டர்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்காமல், "நல்லது. ஒவ்வொரு கடியையும் ஆருக்காகவாவது ஒப்புக்கொடு" என்றார். மீன்பிடிக்கப் போகும் அப்பா கடலால் சுகமாய்த் திரும்பி வரவேண்டும் என்று ஒப்புக்கொடுத்தேன். கிளியும் பழகும், அப்பாவுக்கும் காவல் என்று எனக்கு நிலைகொள்ளாத புளுகம்.

அப்பா சொன்னது பலித்தது. தவக்காலத்தின் நான்காம் கிழமையளவில் துரை சொண்டை என் விரலில் வைத்து, அழுத்தாமல், ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு எடுத்துவிடும். ஒரு காலை, கூட்டுக்குள் நீட்டிய என் உள்ளங்கையில் இருந்தே கொய்யாத் துண்டை எடுத்துத் தின்றது. கடியே இல்லை! அம்மாவிடம் சொல்ல ஓடினேன். அம்மா வீட்டில் இல்லை, கரையில் நின்றார். விடியவே வந்திருக்க வேண்டிய அப்பாவின் படகு வரவில்லை. எஞ்சின் பழுதாம், இன்னொரு படகு கட்டி இழுத்து வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை நான் மணலில் குந்தியிருந்து யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: இன்றைக்கு ஒப்புக்கொடுக்கக் கடி இல்லை.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று, கடி இல்லாததால்தான் எஞ்சின் பழுதானது என்று நம்பினேன். மறுநாளில் இருந்து துரையைக் கடிக்க வைப்பதே என் வேலையாகிவிட்டது. பேணியைப் பிடித்து இழுப்பேன், தட்டுவேன், தின்னும்போது பழத்தைப் பறிப்பேன். பாவம், அது பின்வாங்கிப் பின்வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கடிக்கும். நான் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போவேன்.

பாஸ்குவுக்கு முந்திய பெரிய கிழமையில் அம்மா என் விரல்களைக் கண்டுவிட்டார். சனிக்கிழமை காலை கூட்டைத் திறந்துவிட்டார். துரை போகவில்லை. திறந்த கதவில் நின்று வழக்கம்போலக் கூட்டைக் காவல் காத்தது; கிட்டப் போன அம்மாவை இரண்டு தரம் விரட்டியது. அது அப்படியே காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் மன்றாடினேன். "அது கடியை விட்டிட்டுது அம்மா, நான்தான் கடிக்க வைச்சனான்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அப்பாவின் காவல் போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். பின்னேரம் பக்கத்து வளவுத் தென்னையில் கிளிக்கூட்டம் வந்து கத்தியது. துரை மதிலில் ஏறியது, பிறகு தென்னைக்குப் போனது, பிறகு காணவில்லை.

எனக்கு முப்பதாகப் போகிறது. தலையில்லாத பனைகள் எல்லாம் விழுந்துவிட்டன. பொந்துகளும் இல்லை, பின்னேரங்களில் அந்தக் கூட்டமும் வருவதில்லை. அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவும் கேட்க, முதல்முதலாக இந்தக் கதையை அப்பாவுக்குச் சொன்னேன்.

"விசர்ப் பெட்டை" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப, ஆசையாய் வளர்த்த கிளியை விட்டிட்டு என்னையெல்லோ கடல் கொண்டுபோகாமல் மறிச்சு வைச்சிருக்கிறாய்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கத்தியை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப கிளிக்கு அழுறியோ, கொப்பருக்கு அழுறியோ?"

"ரண்டு பேருக்கும்தான், அம்மா" என்றேன்.