இடப்பக்கம் திரும்பாத கார்

பக்கவாதம் என் கணவரை லேசாகத்தான் தொட்டுவிட்டுப் போனது. கால் சீக்கிரமே நேரானது, பேச்சு அதைவிடச் சீக்கிரம் வந்தது. பேச்சு இன்னும் கொஞ்சம் ஓய்வெடுத்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே முறைத்தார். வலது கை மட்டும் அடம்பிடித்தது. விரல்கள் மடங்கும், விரியாது. கட்டைவிரல் வெளிப்பக்கம் நீளவே நீளாது.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண், அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்தும், பிசைந்து பழகக் களிமண் போல ஒன்றும் கொடுத்தாள். "இதெல்லாம் கொளந்தைங்க வெளையாடறதுங்க, எனக்கு எதுக்கு?" என்று இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டார். அடுத்த வாரமே என்னை ஏணி ஏற்றி லாஃப்டிலிருந்து எதை இறக்க வைத்தார் தெரியுமா? ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை!

பொம்மை என்றால் கோபம் வரும் அவருக்கு. பீளமேட்டில் காலேஜ் படித்தபோது, கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா மகன் ஜப்பானிலிருந்து வாங்கி வந்த வண்டி அது. கல்யாணமான புதிதில் என்னிடம் அதைக் காட்டினார், தொட மட்டும் விடவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்த கட்டிலில் இப்போது அதைப் பிரித்துப் போட்டார். பேட்டரி கசிந்து உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. டயர்கள் காய்ந்து வெடித்திருந்தன. ஒரு பல்சக்கரத்தில் பாதிப் பல் இல்லை.

அதே சமயத்தில் என் அண்ணன் மகளுக்குத் தாராபுரத்துப் பையனோடு கல்யாணம் நிச்சயமானது. மண்டபமும் அங்கேதான். இவர் வரமாட்டேன் என்றார். காரணத்தைச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா? பந்தியில் சொந்தபந்தங்களுக்கு நடுவில் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். வீட்டில் நான் ஒருத்தி பார்ப்பதற்கே முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். ஒரே அண்ணன், அவனுக்கு ஒரே மகள். அந்தக் கல்யாணத்தில் நான் தனியாகப் போய் நிற்பதா? கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒருநாள் சமைக்காமலும் இருந்து பார்த்தேன்.

"இந்த வண்டி ஓடட்டும் அம்மணி. ஓடுச்சுன்னா வாரேன்" என்றார் கடைசியில்.

அதற்கப்புறம் அது எனக்குப் பொம்மை இல்லை. தாராபுரம் போகிற வண்டி.

என் அண்ணன் பம்புக்கு உதிரி பாகங்கள் கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் எது உடைந்தாலும் கடைக்குப் போகமாட்டார்கள், லேத்துக்குத்தான் போவார்கள். மிக்ஸி மூடிக்கு அலுமினியத்தில் கைப்பிடி கடைந்து கொடுத்த குடும்பம் எங்களுடையது. அண்ணன் அந்த உடைந்த பல்சக்கரத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். இரண்டே நாளில் பித்தளையில் புதிதாக ஒன்று கடைந்து கொண்டுவந்தான்.

"ஜப்பான்காரன் போட்டது நைலானுங்க மாப்ளே. நம்முளுது பித்தளை. சென்மத்துக்கும் தேயாதுங்க."

மாட்டினார்கள். கார் உறுமியது, ஒரு அடி நகர்ந்தது, அப்புறம் மோட்டாரிலிருந்து கருகின வாடை வந்தது. "பாத்தீங்களா, மோட்டாரே போயிருச்சு. நம்ம கியருக்கு ஒண்ணும் ஆகலீங்க!" என்று அண்ணன் பெருமைப்பட்டான். இவரும் ஆமோதித்துத் தலையாட்டினார். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன்.

பிறகு வெளிநாட்டிலிருந்து நைலான் பல்சக்கரமும் மோட்டாரும் வரவழைத்தார்கள். டயர், பேட்டரி எல்லாம் புதிதாகின. இவர் திருப்புளியை இடது கையில் பிடித்துக்கொள்வார், வலது கை வண்டியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பந்தைத் தொடமாட்டேன் என்ற கை ஏதோ ஒரு வேலை செய்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. வெளியே, "அடுப்படிக் குழாய் ஒழுகி மாசமாச்சுங்க, அதுக்கு எப்ப ஜப்பான்ல இருந்து வாசர் வரும்?" என்று கேட்டு வைப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் போர்ட்டிகோவில் கார் ஓடியே விட்டது. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி முன்னும் பின்னும் ஓட்ட, வலது குச்சி திருப்ப. முன்னால் போனது, பின்னால் வந்தது, வலப்பக்கம் அழகாக வளைந்தது. இடப்பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன் என்றது. அதுவும் திரும்பினால்தான் ஓடியதாகக் கணக்கு என்றார் இவர்.

இரண்டு ஆண்களும் தரையில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் மெஷின் ஓடவில்லையென்றால் குற்றவாளி மெஷின்தான். ஓட்டுகிற ஆளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முன்சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டாரைப் பிரித்தார்கள். ஸ்பிரிங்கை மாற்றினார்கள். டயரை மாற்றிப் போட்டார்கள். அண்ணன் பட்டறையிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்து போர்ட்டிகோ தரை சாய்வாக இருக்கிறதா என்று பார்த்தான். சாய்வாகத்தான் இருந்தது, மழைத்தண்ணீர் வழியக் கட்டினது. "அப்பறம் வண்டி எப்பிடீங்க திரும்பும்?" என்று கொத்தனாரைத் திட்டினான். ஆனால் வண்டியை எதிர்ப்பக்கமாக வைத்து ஓட்டினாலும் அது இடப்பக்கம் திரும்பவில்லை.

ஒரு காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் ரிமோட்டை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதைத் தொடுவது அதுதான் முதல்முறை. வலது குச்சியைக் கட்டைவிரலால் இடப்பக்கம் தள்ளினேன். கார் சொன்னபடி கேட்டு, துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு தரமும் தள்ளிப் பார்த்தேன். வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. குச்சியை அந்தப் பக்கம் தள்ளக் கட்டைவிரல் வெளியே நீள வேண்டும், அவருக்கு நீளாதது அந்த விரல்தான்.

ரிமோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து வெங்காயம் உரித்தேன். சொல்வதா வேண்டாமா? வண்டி மேல் பழி இருக்கும்வரை அவர் அந்தக் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருப்பார், பிசியோதெரபிப் பெண் தலைகீழாக நின்றும் செய்யவைக்க முடியாததை அந்த விரல் செய்துகொண்டே இருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதோடு விடவில்லை. "எனக்கென்னமோ அந்த ஸ்பிரிங் மேலதானுங்க சந்தேகம்" என்று நானும் என் பங்குக்கு அந்தப் பாவப்பட்ட காரைப் போட்டுக்கொடுத்தேன். அவர் ஸ்பிரிங்கைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி தள்ளிப் பார்ப்பார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி ஓடிவந்தான். கையில் ஒரு புதுக் குச்சி, அவனே கடைந்தது.

"இனி பிரச்சனையே இல்லீங்க மாப்ளே. கோளாறு அந்த வலது குச்சிலதானுங்க. திருப்பறது, ஓட்டறது ரெண்டையும் இந்த ஒரே குச்சிக்குக் கொண்டுவந்து இடது பக்கம் மாட்டிர்றேன். வலது கைக்கு ஒரு வேலையும் இருக்காதுங்க."

இவர் முகம் மலர்ந்தது. ரிமோட்டை எடுத்து நீட்டிவிட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன். "அதைத் தொட்டீங்கன்னா பாருங்கண்ணா! வண்டி நல்லாத்தான் இருக்குது. நான் ஓட்டிப் பாத்தேன், ரெண்டு பக்கமும் நல்லாத் திரும்புது. அவரு வெரல்தான் போகல."

அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அப்புறம் செருப்பைத் தேடினான். "பந்தல்காரன் வரச்சொன்னானுங்க" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

அவர் படியில் உட்கார்ந்திருந்தார். நான் கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றார் மெதுவாக. "மொத நாளே தெரியும் அம்மணி. இடது கையால தள்ளிப் பாத்தேன், நல்லாத்தான் திரும்புச்சு. வண்டில கோளாறுன்னா ஸ்பேர் கெடைக்கும், உங்கண்ணன் கடைஞ்சு குடுப்பான். இதுக்கு எங்க போயி வாங்கறது?" என்று அந்தக் கையை மடியில் தூக்கி வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அத்தனை நாளும் தெரிந்தே என்னோடு சேர்ந்து ஏமாந்துகொண்டிருந்திருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ரிமோட்டை அவர் கைகளில் வைத்து, வலது கட்டைவிரல் மேல் என் விரலை வைத்து அமுக்கி, இடப்பக்கம் தள்ளினேன். கார் இடப்பக்கம் திரும்பி நேராகப் போய்க் கேட்டில் முட்டியது.

"நீ ஓட்டுனா இப்பிடித்தான் ஆகும்" என்றார். "அதுக்குத்தான் அந்தக் காலத்துலயே தொட உடல."

"ஓட்டுனது நீங்க. நான் கூடத்தான் உக்காந்திருக்கறேன்."

மறுபடி தள்ளினோம். அதற்கப்புறமும் மறுபடி. ஒருமுறை நான் தள்ளுவதற்கு முன்பே அவர் விரல் என் விரலுக்கடியில் அசைந்தது. நான் என் விரலை மெல்லத் தூக்கிக்கொண்டேன். கார் ஒரு சாண் அளவுக்கு இடப்பக்கம் ஒடித்தது, பிறகு நேராகிவிட்டது. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "தாராபுரத்துக்கு எந்தச் சட்டை போடறது?" என்றார்.

"வண்டி இன்னும் ரெடியாகலீங்களே."

"அது ஆவறப்ப ஆவட்டும். அதுவரைக்கும் அந்தப் புள்ள கல்யாணம் நிக்குமா? இடது கையிலயே சாப்புடறேன், பாக்கறவங்க பாத்துக்கட்டும். பந்தில நீ மட்டும் என் பக்கத்துல உக்காந்துக்க."